விளக்கு யாரைப் பார்த்து எரிகிறது?

(கோவையின் மேற்குப் புறநகரில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தெருவுக்குள் நடந்து வரும்போது கேட்டுக்குக் கேட்டு கேமராவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆளில்லாத காலி மனையில்கூட ஒரு கம்பத்தில் கேமரா இருக்கிறது. நல்லதுதான். 2017-இல் சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கடைக்காரரும் வீட்டுக்காரரும் தெருவைப் பார்த்துக் கேமரா வைத்ததால் சங்கிலி பறித்தவர்களைப் பின்தொடர்ந்து பிடிக்க முடிந்தது. ஆனால் அதெல்லாம் பறித்த பிறகு. கேமரா நமக்குக் காட்டுவது பெரும்பாலும் நேற்று ராத்திரி நடந்ததை. வீட்டுக்காரர் ஆசைப்படுவது வேறு. “ஏனுங்க, ஆள் உள்ளே வரும்போதே லைட்டு எரியற மாதிரி, மணி அடிக்கற மாதிரி பண்ண முடியாதுங்களா?” என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கேட்கிறார்கள்.

முடியும். செலவும் பெரிதில்லை. பொருத்தித் தரும் ஆட்கள் இந்த மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் பொருத்தும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்த விளக்கும் மணியும் யாரிடம் பேசுகின்றன? திருடனிடமா, தூங்கிக்கொண்டிருக்கிற உங்களிடமா, எதிர்வீட்டுக்காரரிடமா, காட்டிலிருந்து இறங்கி வரும் யானையிடமா? நான் பார்த்த பல வீடுகளில் இதை யோசிக்காமலே ஒயர் இழுத்துவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் சைரனைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

கதவு திறந்தால் மணி அடிக்கிற ஏற்பாடு பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சாமர்வில் என்ற ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-இல் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று மூடிக்கொள்ளும், மின்காந்தம் துடித்து மணி அடிக்கும். 1857-இல் அந்த உரிமையை எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கி வியாபாரமாக்கினார். அந்த மணிக்குக் கண் கிடையாது. வந்தவர் திருடரா, வீட்டு மாப்பிள்ளையா என்று அதற்குத் தெரியாது.

கண்ணைச் சேர்த்தவர் ஒரு பெண். நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் குடியிருந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். அவருடைய வேலை நேரமும் கணவருடைய வேலை நேரமும் ஒத்துப்போகாது. பல இரவுகள் வீட்டில் தனியாக இருப்பார். அந்தப் பகுதியில் போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவரும் சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2 அன்று காப்புரிமை பெற்றார்கள். வாசல் கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் ஒரு திரை. வந்தவரோடு பேச மைக்கும் ஸ்பீக்கரும். வேண்டியவர் என்றால் இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான், வேண்டாதவர் என்றால் காவலுக்குத் தகவல் போக இன்னொரு பொத்தான்.

இன்று உங்கள் வாசலில் இருக்கும் எல்லாமே அதில் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அங்கே கண்ணுக்கும் பொத்தானுக்கும் நடுவில் மேரி உட்கார்ந்திருந்தார். பார்த்தது அவர், முடிவெடுத்ததும் அவர். ராத்திரி முழுக்க அப்படி உட்கார நம்மில் யாருக்கும் முடியாது என்பதால், அவருடைய நாற்காலியில் ஒரு சின்னப் பெட்டியை வைக்கப் பார்க்கிறோம். அந்தப் பெட்டிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைப் பார்க்கலாம்.

ஆள் வருவதை இயந்திரம் மூன்று வகையாகக் கண்டுபிடிக்கிறது. முதலாவது உடம்புச் சூடு. கடையில் ‘மோஷன் சென்சார் லைட்’ என்று விற்கிறார்களே, அதன் வெள்ளைக் குமிழுக்குள் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. குமிழில் இருக்கும் சிறு சிறு கட்டங்கள் எதிரே உள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரித்துச் சென்சாருக்குக் காட்டுகின்றன. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குச் சூடான ஒன்று நகர்ந்தால் சென்சார் விழித்துக்கொள்ளும். குறுக்கே நடப்பவரை அது சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் இதைக் கேட்டுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், பக்கவாட்டில் மாட்டுங்கள். இன்னொன்று, சுற்றுப்புறச் சூடும் உடம்புச் சூடும் நெருங்கிவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ மத்தியான வேளையில் இது பாதிக் குருடு. நம்மூர் ராத்திரிக் காற்றில் ஒழுங்காக வேலை செய்யும்.

இரண்டாவது, படத்தில் மாற்றம் பார்ப்பது. போன நொடி எடுத்த படத்தையும் இந்த நொடிப் படத்தையும் ஒப்பிட்டு, புள்ளிகள் மாறியிருந்தால் ‘அசைவு’ என்று சொல்வது. கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெரும்பாலான டி.வி.ஆர்.களில் வந்த நாள் முதல் இருப்பது இதுதான். இதை நம்பி விளக்கையும் மணியையும் கோத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வேப்பமரக் கிளை ஆடும், மணி அடிக்கும். தெருமுனையில் கார் திரும்பி அதன் வெளிச்சம் சுவரில் ஓடும், மணி அடிக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் சிலந்தி வலை கட்டும். ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு அந்த ஒற்றை இழையில் பட்டு, திரையில் அது தாம்புக் கயிறு கனத்துக்குத் தெரியும். லென்ஸுக்கு அரை அடியில் பறக்கிற பூச்சி வெள்ளைப் பந்து மாதிரித் தெரியும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவதுதான் இப்போது எல்லோரும் பேசும் ஏ.ஐ. படத்தில் அசைந்தது என்ன என்று அடையாளம் காண்பது. மனிதனா, நாயா, காரா? இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு ஓர் அளவோடு நிற்கும். வீட்டுக் கேமராவுக்கான பல மென்பொருள்கள் ‘கோகோ’ என்ற படத் தொகுப்பைக் கொண்டு பயிற்சி பெற்றவை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது. அதில் 80 வகைப் பொருள்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விலங்கு, பறவையில் பத்து. பறவை, பூனை, நாய், குதிரை, செம்மறியாடு, மாடு, யானை, கரடி, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. பல் துலக்கும் பிரஷ் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பனிச்சறுக்குப் பலகை இருக்கிறது. குரங்கு இல்லை. பாம்பு இல்லை. காட்டுப்பன்றி இல்லை. நம்ம ஆட்டோ இல்லை.

வடவள்ளி, மருதமலைப் பக்கம் ராத்திரி வாசலுக்கு வரக்கூடிய ஆட்களின் பட்டியலை நீங்கள் போட்டால் எப்படி இருக்கும்? அந்தப் பெட்டி குரங்கைப் பார்த்து நாய் என்று சொல்லலாம், பன்றியைப் பார்த்து மாடு என்று சொல்லலாம், ஆட்டோவைக் கார் என்றோ லாரி என்றோ சொல்லலாம். அந்தப் படங்களில் பெரும்பாலானவை பகலிலோ நல்ல வெளிச்சத்திலோ வண்ணத்தில் எடுத்தவை. அகச்சிவப்பில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அதன் நிதானம் இன்னும் குறையும். இது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் படித்துவிட்டு நம்மூருக்கு வேலைக்கு வந்த பையன் மாதிரி. கெட்டிக்காரன்தான், ஊர் தெரியாது.

அதனால்தான் நல்ல மென்பொருள்கள் ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ‘ஃப்ரிகேட்’ என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நொடிக்கு ஐந்து படம் போதும் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ‘இது மனிதன்’ என்பதற்கு ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்து, அது 0.7-ஐத் தாண்டினால்தான் மனிதன் என்று ஒப்புக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் அதுதான் அளவு, வேண்டுமானால் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு நொடி பூச்சி பறந்து ஏமாற்றினாலும் அடுத்த படங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, கண் பார்த்துவிட்டது. விளக்குக்கு எப்படிச் சொல்வது? உங்கள் டி.வி.ஆரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் ‘அலாரம் அவுட்’ என்று இரண்டு திருகு முனைகள் இருக்கும். பொருத்தியவரும் தொட்டிருக்க மாட்டார், நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே ஒரு சின்ன ரிலே இருக்கிறது. அசைவு தெரிந்தால் அந்த இரண்டு முனையும் சேரும். அதை வைத்து வெளியே ஒரு பெரிய ரிலேயை இயக்கி, போர்ட்டிகோ விளக்கை எரிய வைக்கலாம். நேராக 230 வோல்ட்டை அந்த முனையில் கொடுத்து டி.வி.ஆரைப் புகைய விட்டவர்களும் உண்டு. தயவுசெய்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னும் நெளிவு சுளிவோடு வேண்டுமென்றால் நடுவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். 2013-இல் பவுலஸ் ஷௌட்சன் என்பவர் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டென்ட்’ இந்த வேலைக்குப் பெயர் போனது. கேமரா மென்பொருள் ‘கேட்டருகே ஆள்’ என்று ஒரு குறுஞ்செய்தியைப் போடும், இது அதை எடுத்து விளக்குக்குச் சொல்லும். அந்தச் செய்தி பெரும்பாலும் எம்.க்யூ.டி.டி. என்ற முறையில் போகிறது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர், பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. இணைப்பு மெலிசாக இருந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சுருக்கமாக வடிவமைத்தார்கள். இன்று அதே முறையில் உங்கள் வீட்டுப் போர்ட்டிகோ பல்பு எரிகிறது. விளக்கின் பக்கம் ஒரு வைஃபை ரிலேயோ ஸ்மார்ட் சுவிட்சோ போதும். அதற்கு நியூட்ரல் தேவைப்படும், பழைய சுவிட்ச் போர்டுகளில் ஃபேஸ் மட்டும்தான் வந்திருக்கும். அதே போர்டில் ப்ளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரலும் இருக்கும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. படம் வெளிநாட்டு சர்வருக்குப் போய், அங்கே ஆராய்ந்து, பதில் திரும்பி வந்து விளக்கு எரியச் சில நொடிகள் ஆகிவிடும். அதற்குள் வந்தவர் வராந்தாவைத் தாண்டியிருப்பார். வீட்டுக்குள்ளேயே ஆராய்ந்தால் ஒரு நொடி, ஒன்றரை நொடியில் எரியும். இணையம் போனாலும் எரியும். என் கட்சி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் கட்சி.

இப்போது எல்லோரும் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ராத்திரி பதினொன்றரை மணி. கேமரா அகச்சிவப்பில், கறுப்பு வெள்ளையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பூனை சுவரிலிருந்து குதிக்கிறது. அசைவு என்று கேமரா சொல்கிறது, 30 வாட் எல்.ஈ.டி. எரிகிறது. உடனே கேமராவின் ஒளி உணரி ‘விடிந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறது. லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வடிகட்டி டக்கென்று இடம் மாறி உட்காரும். அமைதியான ராத்திரியில் அந்த டக் காதில் கேட்கும். படம் ஒரு கணம் முழு வெள்ளையாகி, பிறகு வண்ணத்துக்கு வரும். ஒவ்வொரு புள்ளியும் மாறிவிட்டது அல்லவா? கேமரா ‘பெரிய அசைவு’ என்று மறுபடி சொல்கிறது. பூனை போய் வெகுநேரமாகிவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து விளக்கு அணைகிறது. இப்போது உணரிக்கு அந்தி சாய்ந்துவிட்டது. மறுபடி டக், மறுபடி எல்லாப் புள்ளியும் மாறுகிறது, மறுபடி அசைவு, மறுபடி விளக்கு. விடியும்வரை இப்படியே போகும். மழை விட்ட ராத்திரி என்றால் அந்த வெளிச்சத்துக்கு ஈசல் வேறு வந்து சேரும். விளக்கு ஈசலை அழைக்கும், ஈசல் கேமராவை எழுப்பும், கேமரா விளக்கை எரிக்கும். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் காலை உங்களிடம் வந்து, “ஏனுங்க, உங்க வீட்ல ராத்திரி முச்சூடும் ஏதாச்சும் விசேஷங்களா?” என்று கேட்பார்.

மருந்து இருக்கிறது. முதலில், விளக்கை வெறும் அசைவோடு கோக்காமல் ‘மனிதன்’ என்ற அடையாளத்தோடு கோக்க வேண்டும். அடுத்து, விளக்கு எரிந்த பிறகும் அணைந்த பிறகும் ஐந்தாறு நொடி கேமரா சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது என்று பெட்டிக்கு விதி எழுத வேண்டும். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. மூன்று வாட் விளக்கு ஒன்று ராத்திரி முழுக்க மங்கலாக எரியட்டும், ஆள் வந்தால் பெரிய விளக்கு கூடச் சேரட்டும். அந்த மங்கல் வெளிச்சத்திலேயே வண்ணத்தில் பார்க்கும் கேமராக்கள் இப்போது வருகின்றன. பகலா இரவா என்ற குழப்பமே அதற்கு வராது. விளக்கைக் கேமராவின் பக்கத்திலேயே மாட்டாமல் இரண்டு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். பூச்சி விளக்குக்குப் போகும், லென்ஸுக்கு வராது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுவதால் முகமும் தெளிவாக விழும்.

எப்போதும் எரியும் விளக்கு பற்றி ஓர் ஆய்வு சொல்கிறேன். 2016-இல் நியூயார்க் நகரம் தன் பொதுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, முற்றங்களில் பிரகாசமான விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தது. இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் அங்கே சுமார் 36 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அது ராத்திரி முழுக்க எரிந்த விளக்கு, சென்சார் விளக்கில்லை. ஆனாலும் வெளிச்சம் என்ற சாதாரணப் பொருளுக்கு எவ்வளவு பலம் என்று தெரிகிறது. விளக்கு யாரையும் தூக்கத்திலிருந்து உலுக்குவதில்லை. தவறாக எரிந்தால் நாலு காசு மின்சாரம், அவ்வளவுதான். அதனால் விளக்கு விஷயத்தில் இயந்திரத்தை நம்பலாம் என்பேன்.

சத்தம் அப்படியில்லை. கடையில் விற்கும் சின்ன சைரன் பெட்டி பக்கத்தில் நின்றால் 100 டெசிபெல்லைத் தாண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சராசரி அளவு 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. டெசிபெல் கணக்கு பத்துப் பத்தாகக் கூடினால் ஆற்றல் பத்துப் பத்து மடங்காகப் பெருகும். சைரன் 105 என்று வைத்துக்கொண்டால், 45-க்கும் அதற்கும் இடையில் பத்து லட்சம் மடங்கு. அதைப் பூனைக்காகவும் ஈசலுக்காகவும் ஒலிக்கவிட்டால் தெருவே முதல் வாரம் எழுந்து ஓடி வரும், இரண்டாம் வாரம் ஜன்னலைத் திறந்து பார்க்கும், மூன்றாம் வாரம் திட்டிக்கொண்டே புரண்டு படுக்கும். புலி வருது கதைதான். உண்மையான திருடன் வரும்போது சைரன் அலறும், யாரும் வரமாட்டார்கள்.

அமெரிக்காவில் போலீஸே இந்த நிலைக்கு வந்தது. அலாரம் அடித்து அவர்களுக்கு வந்த அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பொய். யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி 2000-இல் ஒரு விதி கொண்டுவந்தது. தனியார் காவலர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து ‘ஆமாம், திருட்டுதான்’ என்று உறுதி செய்தால்தான் போலீஸ் வண்டி கிளம்பும். மேரி பிரவுனின் நாற்காலியில் மறுபடி ஓர் ஆளை உட்காரவைத்த மாதிரிதான் அது.

அப்படியானால் சத்தத்தை என்ன செய்வது? படிப்படியாகச் செய்யுங்கள். ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டேகால் மணி. கேட்டருகே ஆள் என்று பெட்டிக்கு உறுதியாகிறது. வெளி விளக்கு எரிகிறது. வழி தவறி வந்தவர், குடித்துவிட்டு வந்தவர், எட்டிப் பார்க்க வந்தவர் இதிலேயே போய்விடுவார்கள். போகாமல் கேட்டைத் தாண்டி உள்ளே பத்து நொடி நின்றால், கூடத்து விளக்கு எரிகிறது. வீட்டில் யாரோ எழுந்துவிட்டார்கள் என்று வெளியே நிற்பவருக்குப் படும். சைரனைவிட இது உறைக்கும், ஏனென்றால் சைரன் அடிப்பது இயந்திரம் என்று அவருக்குத் தெரியும். அதே நேரம் படுக்கையறையில் மட்டும் மெல்லிய மணி ஒன்று அடிக்கிறது, உங்கள் போனில் படம் வருகிறது. பார்ப்பது நீங்கள். சைரன் பொத்தானைக் கடைசியில் அழுத்துவதும் நீங்களாக இருந்தால் நல்லது. வீட்டில் யாருமில்லை, பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்றால் மட்டும் அந்தப் பொத்தானையும் இயந்திரத்திடம் கொடுக்கலாம். கேமரா ஸ்பீக்கரில் “யாருங்க அது?” என்று பதிவு செய்த குரல் வைத்திருப்பவர்களும் உண்டு. நாய் குரைக்கும் சத்தமும் கிடைக்கிறது. முதல் ராத்திரி உங்கள் தெருநாய்கள் அதற்குப் பதில் சொல்லும், அதற்கும் தயாராக இருங்கள்.

நேரத்தையும் விதியில் எழுதுங்கள். நாலரைக்குப் பால்காரர் வருவார், ஐந்துக்குப் பேப்பர் போடுகிறவர், ஐந்தரைக்கு வாசல் தெளிக்க வரும் அம்மா. கையில் வாளியோடு குனிந்திருப்பவர் தலைக்கு மேலே சைரன் அலறினால் அடுத்த நாள் அவர் வரமாட்டார். அதில் நியாயமும் உண்டு.

இனி யானை. இந்தப் பகுதியில் இதைப் பேசாமல் போக முடியாது. தடாகம், மருதமலை அடிவாரம், நரசீபுரம் என்று வீட்டு வாசலில் யானை நிற்கும் படங்கள் செய்தியில் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுக் கேமராவில் பதிவானவைதான். ‘யானையைப் பார்த்தால் சைரன் அடிக்கற மாதிரி வைங்க’ என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். குறுகலான சந்தில், இரண்டு பக்கமும் சுவர், பத்தடியில் திடீரென்று அலறல், கண்ணைக் கூசும் மின்வெளிச்சம். மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

வால்பாறையில் இதற்கு வேறு விதமாக யோசித்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து செய்த வேலை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் எங்கே நிற்கின்றன என்பதை முதலில் உள்ளூர்க் கேபிள் டி.வி.யில் ஓடும் எழுத்தாகச் சொன்னார்கள். பிறகு போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். உயரமான இடங்களில் சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகளை நட்டார்கள். பதிவு செய்த எண்ணிலிருந்து போன் செய்தால் விளக்கு எரியும், ஒரு கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். வேலை முடிந்து இருட்டில் லயத்துக்குத் திரும்பும் தொழிலாளி அந்தச் சிவப்பைப் பார்த்தால் நின்றுவிடுவார், வேறு வழியில் போவார். அந்த விளக்கு யானையை விரட்டுவதற்காக எரியவில்லை, மனிதருக்குச் சொல்வதற்காக எரிகிறது. வால்பாறையில் யானையால் நேரும் உயிரிழப்பு குறைந்தது. ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது.

இதோ பக்கத்தில் மதுக்கரையிலும் அதே தர்க்கம்தான், அளவு பெரிது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வனத்துறை அந்தப் பாதையோரம் 12 கோபுரங்கள் எழுப்பி, சாதாரணக் கேமராவும் வெப்பக் கேமராவுமாக 24 பொருத்தி, 2024 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. செலவு 7.24 கோடி ரூபாய். யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்வேக்கும் வனத்துறைக்கும் எச்சரிக்கை போகும், ரயில் வேகம் குறையும். அங்கேயும் எச்சரிக்கை ஓட்டுநருக்குத்தான்.

வீட்டில் இதைச் செய்ய ஒரே ஒரு பல்பு போதும். வாசல் கதவுக்கு உட்புறம், தாழ்ப்பாளுக்கு மேலே, ஒரு சிவப்பு விளக்கு. பெட்டி ‘யானை’ என்றோ, கேமராச் சட்டத்தில் பாதியை அடைக்கிற அளவு பெரிய விலங்கு என்றோ கண்டால் அந்த விளக்கு எரியட்டும், வெளி விளக்குகள் இருந்தபடியே இருக்கட்டும். விடியற்காலை இருட்டில் கதவைத் திறந்து வெளியே வந்து யானைக்கு எதிரில் மாட்டிக்கொள்வதுதான் நாம் செய்தியில் படிக்கும் சோகங்களில் அதிகம். பாத்ரூம் வெளியே இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். சிவப்பு எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று பாட்டிக்கும் பேரனுக்கும் சொல்லி வையுங்கள், வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். கேமரா அதேதான், பெட்டி அதேதான், விளக்கின் முகம் மட்டும் உள்பக்கம் திரும்பியிருக்கிறது.

நேரமாகிறது, இரண்டு மூன்று விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டு, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பல மணி நேரம் முடக்கியது. வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அந்தக் கூட்டத்தில் இருந்ததே தெரியாது. ஸ்பீக்கர் உள்ள கேமரா என்றால் ஆபத்து இன்னும் நெருக்கம். ரிங் நிறுவனத்தின் கேமராக்களுக்குள் அந்நியர்கள் புகுந்து, படுக்கையறையில் இருந்த குழந்தைகளிடமே பேசியது வெளிவந்து, 2023-இல் அந்த நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் கட்டாயமாகியிருக்கிறது. வாங்கும்போது கேளுங்கள். விளக்கையும் பூட்டையும் கேமராவோடு கோத்துவிட்டால், கேமராவைப் பிடித்தவன் கைக்கு அவையும் போய்விடும்.

அடுத்து, பக்கத்து வீடு. 2021-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் ஒரு வீட்டுக் கேமரா வழக்கில், படம் எடுத்ததைவிட அடுத்தவர் முற்றத்துப் பேச்சையெல்லாம் ஒலியாகப் பதிவு செய்ததைத்தான் கடுமையாக எடுத்துக்கொண்டது. உங்கள் கேமராவில் மைக் இருக்கிறதா, அது எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி மெனுவிலேயே உண்டு.

கடைசியாகக் கரன்ட். கேமராவை யு.பி.எஸ்.ஸில் போட்டிருப்பார்கள், ரவுட்டரைச் சாதாரண ப்ளக்கில் போட்டிருப்பார்கள். கரன்ட் போனதும் கேமரா விழித்துக்கொண்டிருக்கும், அது சொல்வதைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். கேமரா, ரவுட்டர், பெட்டி, வாசல் விளக்கு நான்கும் ஒரே இன்வர்ட்டர் லைனில் வர வேண்டும். வீட்டுக்குப் போனதும் மெயினை ஒரு நிமிஷம் அணைத்துவிட்டு, நீங்களே கேட்டைத் திறந்து நடந்து வந்து பாருங்கள். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். விதி எழுதுவது, கேமரா வைக்கும் கோணம் பற்றியெல்லாம் என்னிடம் கேளுங்கள். இன்வர்ட்டர் லைன், நியூட்ரல், எர்த் பற்றிய கேள்விகளைப் பின்னால் நிற்கும் எலக்ட்ரீஷியன் நண்பர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதலில் அந்த அம்மா கையைத் தூக்கியிருக்கிறார்கள், மைக்கை அங்கே கொடுங்கள்.